கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள்: பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கோப்புகளைக் கொண்டுபோவது எப்படி?

புதுக் கணினி வந்ததும் பலர் முதலில் கேட்பது, “இரண்டையும் இணைக்க எந்த கேபிள் வேண்டும்?” என்றுதான். கேபிளைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். பழைய கணினியில் நம்முடையது என்று எதெல்லாம் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது தெரியாமல் அவசரப்பட்டால்தான் ஆறு மாதம் கழித்து, “அந்தப் படம் எங்கே போச்சு?” என்று தேட வேண்டிவருகிறது.

முதலில் ‘நகர்த்துவது’ என்ற சொல்லையே கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரு நாற்காலியை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குத் தூக்கிப் போட்டால் இங்கே இடம் காலியாகிவிடும். கோப்பு அப்படிப் போவதில்லை. கோப்பு என்பது டிஸ்கில் எழுதிவைக்கப்பட்ட 0, 1 என்ற குறிகளின் நீண்ட வரிசை. அதை இன்னொரு டிஸ்குக்குக் கொண்டுபோவது என்றால், அதே வரிசையை அங்கே முதலிலிருந்து கடைசிவரை புதிதாக எழுதுவது என்று பொருள். பழையது பழைய இடத்திலேயே இருக்கும். ‘கட்’ கொடுத்து ‘பேஸ்ட்’ செய்யும்போதும் இதேதான் நடக்கிறது. அங்கே எழுதி முடித்ததும் இங்கே இருப்பதைக் கணினி அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆக, இரண்டு டிஸ்குகளுக்கு நடுவே நகர்த்துவது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. எழுதுவது ஒன்று, அழிப்பது ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே ‘சரியாக எழுதப்பட்டதா’ என்று பார்ப்பதற்கு நமக்கு அவகாசம் வேண்டும். ‘கட்’ அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

பல வருடங்களுக்கு முன் குடும்பப் படங்கள் இருந்த ஒரு ஃபோல்டரை ‘கட்’ செய்து பென் டிரைவில் போட்டேன். எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத்தான் திரையில் வந்தது. பென் டிரைவ் பழுதாகியிருந்தது என்பது புதுக் கணினியில் படங்களைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பல படங்களில் மேல்பாதி மட்டும் இருந்தது, கீழே வெறும் சாம்பல் நிறம். பழைய கணினியிலோ அவை இல்லை. அந்த முகங்களில் சில இப்போது எங்கள் வீட்டில் எந்தப் படத்திலும் கிடையாது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் யார் கேட்டாலும் அழுத்திச் சொல்கிறேன்: காப்பி செய்யுங்கள், சரிபாருங்கள், சில வாரங்கள் காத்திருங்கள், அழிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எது எங்கே இருக்கிறது?

விண்டோஸ் கணினியில் சி டிரைவைத் திறந்தால் ‘யூசர்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. திரையில் பரப்பிவைத்திருக்கிறோமே, அந்த டெஸ்க்டாப்கூட உண்மையில் இதற்குள் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர்தான். மேக்கிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. லினக்ஸில் அந்த ஃபோல்டருக்கு ‘ஹோம்’ என்று பெயர்.

எல்லோரும் எல்லாவற்றையும் ஒழுங்காக அங்கேயே வைப்பதில்லை. டி டிரைவ் என்று தனியாக ஒன்று இருக்கலாம். சி டிரைவிலேயே நேராக ‘புது ஃபோல்டர் 2’ என்று ஒன்று கிடக்கலாம். அதே கணினியை வீட்டில் இன்னொருவர் வேறு பெயரில் பயன்படுத்தியிருந்தால், அவருடைய கோப்புகள் அவருடைய பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்கும், அவரையும் கேட்டுவிடுங்கள். டவுன்லோட்ஸை யாரும் முக்கியமாக நினைப்பதில்லை. ஆனால் மின்னஞ்சலில் வந்த சான்றிதழ், ரசீது, ஒப்பந்தம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இறங்கியிருக்கும்.

டெஸ்க்டாப்பில் இரண்டு விதமான சின்னங்கள் இருக்கும். மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி இருந்தால் அது கோப்பு அல்ல, கோப்புக்கு வழிகாட்டும் பலகை மட்டுமே. ஷார்ட்கட் என்பார்கள். அதைக் காப்பி செய்தால் பலகை மட்டும்தான் புதுக் கணினிக்குப் போகும். அது காட்டும் வீடு பழைய இடத்திலேயே இருக்கும். “எல்லாவற்றையும் காப்பி செய்தேன், ஒன்றுமே திறக்கவில்லை” என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு இயங்கும் கணினியில் சில கோப்புகளுக்குப் பக்கத்தில் மேகம் போன்ற குறி தெரியும். பெயர் மட்டும்தான் உங்கள் கணினியில் இருக்கிறது, கோப்பு இணையத்தில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். புதுக் கணினியில் அதே கணக்கில் நுழைந்தாலே அவை வந்துவிடும், காப்பி செய்யத் தேவையில்லை. ஆனால் இதை பேக்கப் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே ஒன்றை அழித்தால் இணையத்திலும் அழியும், அந்தக் கணக்கில் சேர்ந்த மற்றக் கணினிகளிலும் அழியும். பழைய கணினியைக் காலி செய்கிறேன் என்று அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதியதிலும் இழந்தவர்கள் உண்டு. அழிப்பதற்கு முன் பழைய கணினியை அந்தக் கணக்கிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

மென்பொருள் ஏன் கூட வராது?

கடிதம், படம், பாட்டு எல்லாம் தனித்தனிக் கோப்புகள். எடுத்துப் போட்டால் போதும். மென்பொருள் அப்படி இல்லை. அதை நிறுவும்போது ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் ஒரு பகுதியும், விண்டோஸின் சொந்த ஃபோல்டர்களில் ஒரு பகுதியும் போய் உட்கார்கின்றன. எது எங்கே இருக்கிறது என்ற குறிப்புகள் ரெஜிஸ்ட்ரி என்ற பெரிய பதிவேட்டில் எழுதப்படுகின்றன. ஒரு மரத்தை அடியோடு வெட்டி வேறு மண்ணில் நட்டாலும் வேர்கள் பழைய மண்ணிலேயே இருக்கும் அல்லவா, அதே கதைதான். ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் பெரும்பாலும் அது இயங்காது.

அதனால் மென்பொருளைப் புதுக் கணினியில் புதிதாக நிறுவுவதே வழி. பழைய கணினியில் நிறுவியுள்ளவற்றின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கியவை என்றால் உரிமக் குறியீட்டையும் தேடி எடுத்துவையுங்கள். சில மென்பொருள்கள் இத்தனை கணினிக்கு மட்டும் என்று எண்ணிக்கை வைத்திருக்கும். அவற்றைப் பழைய கணினியில் முதலில் விடுவித்தால்தான் புதியதில் ஏற்றுக்கொள்ளும். பழையது உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

ஒரு மேக்கிலிருந்து இன்னொரு மேக்குக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ‘மைக்ரேஷன் அசிஸ்டன்ட்’ என்ற கருவி அதிலேயே உண்டு. பெரும்பாலான மென்பொருள்களையும் அமைப்புகளையும்கூட எடுத்துப் போய்விடும். விண்டோஸ் 7-இல் ‘ஈஸி டிரான்ஸ்ஃபர்’ என்று ஒரு கருவி இருந்தது. விண்டோஸ் 10-இல் அதை எடுத்துவிட்டார்கள். எப்படியானாலும், நம் கோப்புகளை நாமே பார்த்துக் கொண்டுபோகத் தெரிந்திருப்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது வகை

கோப்பும் இல்லை, மென்பொருளும் இல்லை என்று சொல்லக்கூடிய சில உண்டு: பிரவுசரில் குறித்துவைத்த பக்கங்கள், சேமித்த பாஸ்வேர்டுகள், மின்னஞ்சல்கள், கணக்கு மென்பொருளில் ஏற்றிய பதிவுகள். இவையும் எங்கோ கோப்புகளாகத்தான் இருக்கின்றன, ஆனால் ‘ஆப்டேட்டா’ போன்ற மறைந்த ஃபோல்டர்களுக்குள். பெரும்பாலும் விட்டுப்போவது இவைதான்.

பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் குரோம் அவற்றைப் பூட்டிவைக்கும் சாவி, அந்தக் கணினியின் பயனர் கணக்கோடு கட்டப்பட்டது. அதனால் குரோமின் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தாலும் புதுக் கணினியில் பாஸ்வேர்டுகள் திறக்காது. பிரவுசரிலேயே கணக்கில் நுழைந்து ஒத்திசைத்துக்கொள்வது எளிது. வேண்டாம் என்றால் பாஸ்வேர்டுகளை ஒரு கோப்பாக வெளியே எடுத்துப் புதியதில் ஏற்றலாம். அந்தக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டுகளும் பூட்டில்லாமல் வெட்டவெளியாக இருக்கும். வேலை முடிந்த நிமிடமே அதை அழித்துவிடுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும் சேர்த்து.

மின்னஞ்சலை பிரவுசரில் மட்டும் பார்ப்பவர்களுக்குக் கவலை இல்லை, அது சர்வரில், அதாவது மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியில், இருக்கிறது. அவுட்லுக், தண்டர்பேர்டு மாதிரி மென்பொருளில் ‘பாப்’ முறையில் இறக்கிப் படிப்பவர்கள் நின்று பார்க்க வேண்டும். அந்த முறையில் கடிதங்கள் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து நீங்கியிருக்கக்கூடும். அப்படியானால் பல வருடக் கடிதங்களுக்கு உலகத்திலேயே ஒரே பிரதி உங்கள் பழைய டிஸ்கில் உள்ள ஒரு கோப்புதான். கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். அதன் மெனுவிலேயே பேக்கப் எடுக்கவும் திரும்ப ஏற்றவும் வழி இருக்கும்.

தமிழில் எழுதியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழை பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று பல முறைகளில் தட்டச்சு செய்தோம். பாமினி போன்ற முறைகளில் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான் இருக்கும். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால், உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும்: பொருளே இல்லாத ஆங்கில எழுத்துக் குவியல். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து பலர் அழித்தே விடுகிறார்கள். ஒன்றும் கெடவில்லை, எழுத்துரு மட்டும்தான் இல்லை.

பழைய கணினியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலிருக்கும் தமிழ் எழுத்துருக்களைக் காப்பி செய்து புதுக் கணினியில் நிறுவினால் பழைய கட்டுரைகள் மறுபடி உயிர்பெறும். அதோடு நிறுத்தாமல், அவற்றை யூனிகோடுக்கு மாற்றியும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்கு இலவச மாற்றிகள் உண்டு. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் துணைக்குறிகளுக்கும் அவற்றுக்கே உரிய எண்கள் இருப்பதால் எந்தக் கணினியிலும் அது தமிழாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும். அப்பா எழுதிய கடிதமோ, நாம் எப்போதோ எழுதிய கவிதையோ எழுத்துரு தொலைந்ததால் படிக்க முடியாமல் போவது வருத்தமான விஷயம். மாற்றிய பிறகும் பழைய கோப்பை விட்டுவைக்கலாம், சில எழுத்துகள் மாற்றத்தில் பிசகுவதுண்டு.

எந்த வழியில் கொண்டுபோவது?

எனக்குப் பிடித்தது வெளியில் செருகும் ஹார்டு டிஸ்க். பழையதிலிருந்து அதற்கு, அதிலிருந்து புதியதற்கு. இரண்டு முறை காப்பி செய்ய வேண்டும் என்றாலும், வேலை முடியும்போது கையில் மூன்றாவது பிரதி ஒன்று மிஞ்சுகிறது.

நேரக் கணக்கு எளிது. யூ.எஸ்.பி 2.0 விநாடிக்கு 480 மெகாபிட் என்று சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் அது 60 எம்பி. நடைமுறையில் 30 முதல் 40 எம்பி வரைதான் கிடைக்கும். 200 ஜிபி கோப்புகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். யூ.எஸ்.பி 3 துளையில், சுழலும் ஹார்டு டிஸ்காக இருந்தாலும், விநாடிக்கு 100 எம்பி வந்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பல கணினிகளில் அந்தத் துளையின் உள்ளே நீல நிறம் இருக்கும். வைஃபை வழியாக விநாடிக்கு 10 எம்பி கிடைக்கிறது என்றால் அதே 200 ஜிபிக்கு ஐந்தரை மணி நேரம். பத்தாயிரம் சின்னக் கோப்புகள், அதே அளவுள்ள ஒரே பெரிய வீடியோவைவிட மெதுவாகப் போகும். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் பதிந்து, இடம் ஒதுக்கி, கதவைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது. திரையில் காட்டும் மீதி நேரம் ஏறி ஏறி இறங்குவதும் அதனால்தான், கவலைப்பட வேண்டாம்.

நிறைய இடம் இருக்கிறது, ஆனாலும் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று மறுக்கிறதா? அந்த டிஸ்க் ‘ஃபேட் 32’ என்ற பழைய முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும், விண்டோஸும் மேக்கும் இரண்டுமே அதில் படிக்கும், எழுதும். விண்டோஸின் ‘என்.டி.எஃப்.எஸ்’ டிஸ்கை மேக் படிக்கும், தானாக எழுதாது. முறையை மாற்றும்போது அந்த டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இரண்டு கணினிகளையும் சாதாரண யூ.எஸ்.பி கேபிளால் நேரடியாக இணைக்க முயல வேண்டாம். இரு முனையிலும் பென் டிரைவில் இருப்பது போன்ற செவ்வகத் தலை (யூ.எஸ்.பி-ஏ) உள்ள கேபிள் கிடைத்தாலும், இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுக்கும் பக்கங்கள் என்பதால் பழுதாக வாய்ப்புண்டு. நடுவில் தனிச் சில்லு வைத்து இதற்கென்றே செய்த கேபிள்கள் வேறு. வீட்டு ரவுட்டரில் இரண்டையும் நெட்வொர்க் கேபிளால் செருகினால் அது பாதுகாப்பானது, வேகமும் நன்றாக இருக்கும். ‘லோக்கல்சென்ட்’ மாதிரி இலவசச் செயலிகள் ஒரே நெட்வொர்க்கில் உள்ள இரண்டு கணினிகளுக்கிடையே இணையமே இல்லாமல் கோப்புகளை அனுப்பும். சில ஜிபி மட்டும் என்றால் எனக்கு அதுவே போதும்.

பழைய கணினி உயிரே விட்டுவிட்டது என்றால்? கணினி செத்தாலும் டிஸ்க் நன்றாக இருக்கலாம். டிஸ்கைக் கழற்றி, அதற்கேற்ற யூ.எஸ்.பி உறையில் (என்குளோஷர்) போட்டு, யூ.எஸ்.பி வழியாகப் புதியதில் செருகலாம். மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்குக்கு யூ.எஸ்.பி மின்சாரமே போதும், பெரிய 3.5 அங்குல டிஸ்குக்குத் தனி மின்இணைப்பு வேண்டும். விண்டோஸின் ‘பிட்லாக்கர்’ என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருக்கும். சுழலும் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் மிச்சமிருப்பதும் கெடும். தரவு மீட்பவர்களிடம் கொடுப்பதே சரி.

சரிபார்ப்பது

காப்பி முடிந்ததும், வெளி டிஸ்கை ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே உருவுங்கள். திரையில் முடிந்தது என்று வந்தாலும் கடைசிப் பகுதி நினைவகத்தில் காத்துக்கொண்டிருக்கலாம்.

பிறகு பழைய ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து ‘பிராபர்ட்டீஸ்’ பாருங்கள். எத்தனை கோப்புகள், எத்தனை பைட் என்று இருக்கும். புதிய ஃபோல்டரிலும் பாருங்கள். ‘சைஸ்’ என்பதை ஒப்பிட வேண்டும், ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்பதை அல்ல. டிஸ்க் இடத்தைக் கட்டம் கட்டமாக ஒதுக்குகிறது, என்.டி.எஃப்.எஸ்ஸில் கட்டம் பொதுவாக 4 கேபி, பெரிய எக்ஸ்ஃபேட் டிஸ்கில் 128 கேபி. அதனால் இரண்டாவது எண் இடத்துக்கு இடம் மாறும். மறைந்த கோப்புகளால் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூடக்குறைய வரலாம். நூறு குறைந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

எண்கள் ஒத்துப்போனாலும் அதோடு விடாதீர்கள். ஆகப் பழைய படம் ஒன்று, ஆகப் பெரிய வீடியோ ஒன்று, நடுவிலிருந்து நான்கைந்து என்று திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப் பாருங்கள். எனக்கு நடந்ததை இந்தப் பத்து நிமிட வேலை தடுத்திருக்கும்.

விண்டோஸில் காப்பி செய்த கோப்புகளில் ‘உருவாக்கிய தேதி’ இன்றைய தேதியாகிவிடும். பயப்பட வேண்டாம். ‘மாற்றிய தேதி’ பழையபடியே இருக்கும், கேமரா எடுத்த படங்களின் தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும்.

காத்திருப்பதும் அழிப்பதும்

ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றிலிருந்து வேலையைப் புதுக் கணினியில் மட்டும் செய்யுங்கள். இரண்டிலும் மாறி மாறிச் செய்தால் எது புதிய பிரதி என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். பழையதைக் குறைந்தது ஒரு மாதம் சும்மா வைத்திருங்கள். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும் கோப்பு, அந்த ஒரு மாதத்தில்தான் நினைவுக்கு வரும்.

அதன்பின் பழைய கணினியை வேறு யாருக்காவது கொடுப்பதானால், கோப்புகளை அழித்துக் குப்பைத்தொட்டியைக் காலி செய்வது போதாது. அப்படி அழிக்கும்போது அட்டவணையிலிருந்து பெயர் மட்டும்தான் நீங்குகிறது. குறிப்பாகச் சுழலும் டிஸ்கில், மேலே வேறு ஏதாவது எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும், மீட்டெடுக்கவும் முடியும். விண்டோஸின் ‘ரீசெட்’ வசதியில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, அமைப்புகளை மாற்றும் இடத்தில் டிஸ்கைத் துடைக்கும் தேர்வையும் போடுங்கள். அது பல மணி நேரம் எடுக்கும். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். கணக்குகளிலிருந்தெல்லாம் வெளியேறிவிட்டீர்களா என்று அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வழியில் பயன்படுத்திய அந்த வெளி டிஸ்கை மட்டும் அழித்து வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். மேலே தேதியை எழுதி ஒட்டி, கணினி இல்லாத வேறொரு இடத்தில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்துச் செருகி, புதிதாகச் சேர்ந்த படங்களையும் அதில் போட்டுக்கொள்ளலாம்.